உண்பது தோலில் தெரியும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில், தொழிற்சாலைப் பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்த நம்மவர் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வில்லத்துச் சகோதரியாரின் விரல் கணுக்கள் சில மாதங்களாகக் கருத்து வந்தன. வெயில் என்றனர் சிலர். துணிச்சோப்பு என்றனர் சிலர். அணையில் நுரை பொங்கக் கண்டவர்கள் தென்பெண்ணை நீரைக் குறை கூறினர். களிம்புகள் பூசியும் பயனில்லை. பாதங்கள் மரத்து, படியேறினால் மூச்சும் வாங்கவே, மருத்துவரை நாடினார். இரத்தச் சோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. வீட்டுப் பாலை எல்லாம் பிள்ளைகளுக்கு வார்த்துவிட்டு, தமக்கு நீர்மோரே போதும் என்றிருந்தவர் அவர்.

இது புதிய செய்தியன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் பேக்கரும் அவருடைய துணைவர்களும், பி12 குறைவால் தோல் கருப்பதை 1963-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விளக்கினர். இச்சத்துக் குறைந்தால் தோலுக்கு நிறந்தரும் மெலனின் மிகுகிறது. குறை நீங்கினால் கருமையும் சில வாரங்களில் மங்கத் தொடங்கும். எனினும் எல்லாக் கருமைக்கும் இதுவே காரணம் ஆகாது. சோதித்தே தெளிதல் வேண்டும்.

நமது புலால் மறுத்த உணவு தோலுக்குப் பகையா? அன்று. தோல் வறளாமலும் சொரசொரப்பாகாமலும் காக்கும் வைட்டமின் ஏ-யை, கிழங்கு வகைகளை நீக்கிய நாம், முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றால் பெறலாம். கீரையுடன் சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் அச்சத்து உடலில் நன்கு சேரும். நெல்லிக்காயின் வைட்டமின் சி, தோலைத் தாங்கும் நார்ப்புரதம் உருவாக உதவும். ஓசூர் வட்டாரத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியுடன் அவரைக்குழம்பு சேர்ந்தால் புரதமும் நிறையும்.

ஆனால் பி12 மட்டும் தானியத்திலோ, பருப்பிலோ, காயிலோ இல்லை. கீரையையும் புளித்த மாவையும் இதற்கு நம்புதல் தகாது. நமக்குரிய வழி பாலும் தயிருமே. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. 200 மில்லி பசும்பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். நீர்மோரில் அதனினும் குறைவு. பாலையும் துறந்தவர்கள் மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரை உட்கொள்வது இன்றியமையாதது.

மருந்தில் ஹிம்சை கலந்திருக்குமோ என்ற ஐயம் நம்மவர்க்கு எழுதல் இயல்பே. இன்று பி12 நுண்ணுயிர் வளர்ப்பின் மூலம் உண்டாக்கப்படுகிறது, விலங்குடலிலிருந்து எடுக்கப்படுவதில்லை. ஆனால் குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறும் ஜெலட்டினால் ஆனது. ஆகவே உறையில்லாத மாத்திரையைக் கேட்டு, அதன் சேர்மானத்தையும் விசாரித்து வாங்குதல் நலம்.

கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் அசட்டையாக இருத்தல் கூடாது; தாயிடம் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். நரம்புகளில் ஏற்படும் பாதிப்பு, காலம் தாழ்ந்தால் முற்றும் நீங்காமலும் போகலாம். பிறவுயிர்க்குத் தீங்கிழையாமை நம் அறம். தன் உடலுக்கும் தீங்கிழையாமை அதனுள் அடங்கும். இன்றிரவு விளக்கேற்றும்போது, இல்லத்துப் பெண்களின் விரல் கணுக்களை ஒருமுறை உற்று நோக்குவோமாக. நாளை முதல் அவர்களுக்கும் ஒரு குவளைப் பால் எடுத்து வைப்போமாக.