ஓர் அலகு மாறினால்: இசைக்குறிப்பில் ஒரு பின்னப் பாடம்

‘டுவிங்கிள் டுவிங்கிள் லிட்டில் ஸ்டார்’ பாடலின் மெட்டை என் ஆறாம் வகுப்புக்காக ஏபிசி இசைக்குறியீட்டில் எழுதினேன். சுரங்களை ஆங்கில எழுத்துகளாகத் தட்டச்சு செய்தால், மென்பொருள் அவற்றை ஐந்து கோடுகளில் வரைந்து, இசைத்தும் காட்டும்.

இம்மெட்டில் ஆறு அடிகள். அடிக்கு ஏழு சுரங்கள். முதல் ஆறும் ஒவ்வொரு தட்டு; ஏழாவது இரண்டு தட்டு. எனவே ஏழாவது எழுத்தின் பின் மட்டும் 2 என்று எழுதினேன். தாளம் 4/4, வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு எனத் தலைப்பில் குறித்தேன். ஆனால் மெட்டு இருமடங்கு வேகத்தில் ஓடியது.

ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் கையால் இரட்டிப்பாக்கத் தொடங்கினேன். 36 சுரங்களுக்கு 2. 6 சுரங்களுக்கு 4. மறுநாள் வகுப்பில் கைதட்டிப் பாடிய ஒரு மாணவி, “டீச்சர், இந்த இடத்துல அரைத் தட்டு குறையுது” என்றாள். ஒரு சுரத்தை விட்டிருந்தேன்.

பிழையின் வேர் வேறிடத்தில் இருந்தது. தலைப்பில் ‘எல்’ எனத் தொடங்கும் வரி, ஓர் அலகின் நீளத்தைச் சொல்வது. அதை நான் எழுதவில்லை. எழுதாவிட்டால், 4/4 தாளத்துக்கு மென்பொருள் 1/8 என எடுத்துக்கொள்ளும். எனக்குத் தேவைப்பட்டது 1/4. நான் சேர்த்த எண்களை நீக்கி, அந்த ஒரு வரியை எழுதினேன். 42 சுரங்களும் தாமாகவே சரியாயின.

இதையே கணக்காகக் கொடுத்தேன். ஓர் அடியில் 6 + 2 = 8 அலகுகள்; ஆறு அடிகளில் 48. அலகு 1/8 எனில் 48 × 1/8 = 6. அலகு 1/4 எனில் 48 × 1/4 = 12. நான்கு தட்டு கொண்ட 12 தாளக் கட்டங்கள் கிடைத்தன. அலகை 1/2 ஆக்கினால் கட்டத்துக்கு எட்டுத் தட்டு வரும். தாளத்தையும் 4/2 என மாற்ற வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தனர்.

சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சுரங்களின் நீளம் பாதியாகும், கால்பங்காகும்; அவற்றுக்கிடையே உள்ள விகிதம் மாறாது. சமான விகிதத்தை என் மாணவர்கள் அன்று காதால் கேட்டார்கள். விடைத்தாளில் பின்னத்தைக் கண்டு தயங்கிய அந்த மாணவிதான் அரைத் தட்டைப் பிடித்தவள். அவளுக்குப் பின்னம் தெரியாது என்று இனி நான் சொல்லமாட்டேன்.