ஏவலும் வினாவும்

நுழையும்முன்

மனிதர் தமக்குள் பேசிக்கொள்ள மொழியைப் படைத்தனர். இன்று கருவிகளோடும் பேசுகின்றனர். தொலைவிலிருந்து இடும் ஒரு சொல் கிணற்று மோட்டாரை இயக்குகிறது; ஆய்வு மேசையில் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. அச்சொற்களின் இலக்கணத்தையும் அது பிழைத்தால் நேரும் இழப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் நிலமும் கைபேசியும்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் சோளமும் பயறும் மல்லியும் இங்கு விளைகின்றன. கண்மாய் நிறையாத ஆண்டில் கிணறே துணை. கிணற்றில் ஊறும் நீர் சிறிது. மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரமும் அளவானது. நள்ளிரவில் மின்சாரம் வந்தால், உழவர் விளக்கேந்திக் காட்டுவழி நடந்து மோட்டாரை இயக்க வேண்டியிருந்தது. கைபேசியால் இயங்கும் மோட்டார் இயக்கி இந்நிலையை மாற்றியது. வீட்டிலிருந்தே அழைத்து ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். கிணறு வற்றினால் தானே நிற்கும்.

இவ்வியக்கியின் உள்ளே மின்னணுப் பலகை ஒன்று உண்டு. அது பழுதானால் பயிருக்கு ஒரு தண்ணீர் தவறும். அப்பலகையைச் சோதிக்கப் பயன்படும் கருவிகளுள் ஒன்று நிரல்வழி இயங்கும் மின்வழங்கி. வேண்டிய மின்னழுத்தத்தை அளிப்பதும், மின்னோட்டம் குறித்த எல்லையைத் தாண்டாமல் காப்பதும் அதன் பணிகள்.

பொதுமொழி பிறந்த வரலாறு

முற்காலத்தில் ஆய்வாளர் குமிழைத் திருகி அளவை அமைத்தனர். பின்னர்க் கணினியே கட்டளையிடும் நிலை வந்தது. கருவிகளை இணைக்கும் முறைக்கு 1975ஆம் ஆண்டில் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்குத் தனிச்சொற்களை வைத்திருந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றுக்கு உதவவில்லை. இக்குறையைக் களைய 1990இல் 'ஸ்கிப்பி' என்னும் பொதுக்கட்டளை மொழி உருவாயிற்று. ஆங்கிலச் சொற்களால் அமைந்த அதன் கட்டளைகள் சில, கீழே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

கட்டளையின் இலக்கணம்

'வோல்டேஜ் 12' என்பது ஏவல். கருவி அதனை ஏற்று 12 வோல்ட்டை அமைத்துக்கொள்ளும், மறுமொழி கூறாது. அதே சொல்லோடு வினாக்குறி சேர்ந்து 'வோல்டேஜ்?' என்றானால் அது வினா. கருவி, தான் அமைத்துக்கொண்ட அளவை விடையாகத் தரும்.

நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறது. நாம் இட்ட அளவையே மீளக் கேட்பது, ஆசிரியர் தாம் அறிந்ததை மாணவரிடம் வினவுவது போன்ற அறிவினா. 'மெஷர் : வோல்டேஜ்?' என்று உண்மையில் வெளிவரும் அளவைக் கேட்பதோ அறியாவினா. இவ்விரண்டின் விடைகளும் வேறுபட்டால், பலகையில் குறை இருக்கக்கூடும் என ஐயுறலாம்.

வரிசையே காப்பு

12 வோல்ட்டில் இயங்கும் பலகை ஒன்றைச் சோதிப்பதாகக் கொள்வோம். முதலில் 'வோல்டேஜ் 12'. அடுத்து 'கரண்ட் 0.5' என எல்லை. அதன்பின்னரே 'அவுட்புட் ஆன்'. பலகையில் குறுக்குச்சுற்று இருந்தாலும் மின்னோட்டம் 0.5 ஆம்பியரில் நிற்கும், மின்னழுத்தம் தாழும், பலகை கருகாமல் தப்பும் வாய்ப்பு மிகும். வரிசை மாறினால் என்னாகும்? முன்பு பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற 24 வோல்ட் கருவியில் இருக்குமாயின், 'அவுட்புட் ஆன்' என்ற நொடியில் அது பலகையில் பாயும். கட்டளைகள் மூன்றும் பிழையற்றவை. வரிசை ஒன்றே பிழை.

சோதனை இத்துடன் முடிவதில்லை. மின்னழுத்தத்தை 12இலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து, எந்த அளவில் பலகை செயலிழக்கிறது என்பதையும் நிரல் குறித்துக்கொள்ளும். நூறு பலகைகளையும் ஒரே முறையில், சோர்வின்றிச் சோதிக்கலாம்.

கருவி ஏவலுக்கு மறுமொழி கூறாததால், அது கீழ்ப்படிந்தது எனக் கருதிவிடக் கூடாது. எழுத்துப்பிழையுள்ள கட்டளையைக் கருவி செயற்படுத்தாது. பிழையைத் தன் பட்டியலில் குறித்துவைக்கும். 'சிஸ்டம் : எரர்?' என வினவினால்தான் அது வெளிப்படும். மோட்டாரை ஏவிய உழவரும், ஓடுகிறதா என வினவி அறிந்த பின்னரே உறங்கச் செல்லலாம். ஏவியவர்க்கு வினவும் கடமையும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

தஞ்சாவூர் 'தஞ்சை' எனவும், உதகமண்டலம் 'உதகை' எனவும் மருவி வழங்குதல் மரூஉ. கட்டளை மொழியிலும் குறுவடிவம் உண்டு. 'வோல்டேஜ்' என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளாலான 'வோல்ட்' அத்தகையது. முழு வடிவம் அல்லது வகுக்கப்பட்ட குறுவடிவம் ஆகிய இரண்டை மட்டுமே கருவி ஏற்கும். இடைப்பட்ட வடிவங்களை ஏற்காது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கைபேசியால் இயங்கும் மோட்டாரைப் பயன்படுத்தும் உழவர் ஒருவரைக் கண்டு, அதன் நன்மைகளையும் இடர்களையும் தொகுத்து எழுதுக.

2. அறிவினா, அறியாவினா இரண்டுக்கும் அன்றாட வாழ்விலிருந்து மும்மூன்று சான்றுகள் தருக.

3. 'கட்டளைகள் சரியாயினும் வரிசை பிழையானால் கேடு விளையும்' – சமையல், மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றுள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.