பதில் சொல்லுமுன் சற்று நில்லுங்கள்



சில வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில் ஊழியம் செய்தபோது, ஒரு விசுவாசி ராத்திரியில் போன் பண்ணினார். "பாஸ்டர், அப்பாவுக்கு மூளையில ரத்தக்கசிவு. இனி தேறமாட்டார்னு டாக்டர் சொல்றாங்க. வென்டிலேட்டரை எடுத்துடலாமான்னு கேக்குறாங்க. என்ன செய்யட்டும்?"

நான் யோசிக்கவேயில்லை. "எடுத்தா அது கொலை, தம்பி. விசுவாசம் எங்கே?" என்றேன். பதினொரு நாள் கழித்து அப்பா மரித்தார். அதற்குள் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிருந்தது. அடக்க ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பி, "என் விசுவாசக் குறைவாலதான் அப்பா போயிட்டாரா பாஸ்டர்?" என்று கேட்டார். அந்தப் பாரத்தை அவர் தோளில் வைத்தவன் நான்தான். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

வேதம் இதற்கு என்ன போதிக்கிறது?

1. தீர்க்கதரிசியும் அவசரப்படலாம். 2 சாமுவேல் 7-ம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆலயம் கட்ட வேண்டுமென்ற தன் எண்ணத்தைத் தாவீது சொன்னதும், நாத்தான் உடனே சம்மதம் சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே கர்த்தர் அவனைத் திருத்தினார். நல்ல காரியந்தான், நல்ல மனுஷன்தான். ஆனாலும் கேட்காமல் சொன்ன பதில்! நாத்தான் மறுபடியும் ராஜாவிடம் போய் மாற்றிச் சொல்ல வெட்கப்படவில்லை.

2. முதலில் விஷயத்தை அறியுங்கள். காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. நான் என்ன அறிந்திருந்தேன்? ஒன்றுமில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். மும்பையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் 1973-ல் கொடூரமாய்த் தாக்கப்பட்டு, 42 வருஷம் படுக்கையில் கிடந்தார். அவரைச் சாகவிட வேண்டுமென்ற மனுவை உச்சநீதிமன்றம் 2011-ல் ஏற்கவில்லை. ஆஸ்பத்திரி நர்சுகளே கடைசிவரை, 2015 வரை, அவரைப் பராமரித்தார்கள். ஆனால் அதே தீர்ப்பு, பலன் தராத சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்றது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அதை உறுதிசெய்தார்கள். 2023-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அது வேறு, இது வேறு. இந்த வித்தியாசமே தெரியாமல் நான் "கொலை" என்று சொல்லிவிட்டேன்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் தேவசித்தம் ஆகிவிடாது. அதையும் மறக்க வேண்டாம். ஆனால் விஷயம் தெரியாமல் தேவசித்தம் பேசுவது ஆபத்து.

3. கேள்வி கேளுங்கள். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம், இயேசு முதலில் ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள ரூபம் யாருடையது என்று கேட்டார் (மத்தேயு 22). சர்வஞானியே கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்! தேர்தல் நேரத்தில், "யாருக்குப் போடலாம் பாஸ்டர்?" என்று கேட்டாலும் இதே வழிதான்.

4. கூட உட்காருங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல ஊழியம். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

இன்று அந்தப் போன் வந்தால்? "தம்பி, நான் கிளம்பி வர்றேன். டாக்டர் சொன்னதைச் சேர்ந்து கேட்போம். அப்பா ஏதாவது சொல்லியிருக்காரா? ஜெபிப்போம்" என்பேன். கர்த்தர் மரித்தோரையும் எழுப்புகிறவர். அவருக்கு மிஷின் தேவையில்லை.

அந்தத் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் அழுதோம். பிரியமானவர்களே, இந்த வாரம் யாரிடம் அவசரமாய்ப் பதில் சொன்னீர்கள்? நாத்தானைப்போல் திரும்பிப் போங்கள்.

கர்த்தர் நம் வாய்க்குக் காவல் வைப்பாராக. ஆமென்.