பழைய மாடலா, புது மாடலா?

புது மாடல் வருகிறது என்றதும் ஷோரூமில் பழையதற்குப் பெரிய தள்ளுபடி சொல்வார்கள். தொகையைக் கேட்பதற்கு முன், என்ன மாறியது என்று கேளுங்கள். பம்பரும் விளக்கும் மட்டும் மாறியிருந்தால் பழையதைத் தயங்காமல் எடுக்கலாம்.

2024 நவம்பரில் வந்த மாருதி டிசையர் அப்படியல்ல. நாலு சிலிண்டர் எஞ்சின் போய் மூன்று சிலிண்டர் வந்தது. ஓட்டிப் பழகியவர்களுக்கு அதிர்வு வித்தியாசம் தெரியும். ஆனால் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம். குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் என்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் நான் புதியதைத்தான் சொல்வேன்.

பழையதுதான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் வண்டியை நேரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3824 என்றால் 2024-ன் 38-வது வாரம் தயாரான டயர். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் ஏறும்; விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். யார்டில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் புது பேட்டரி கேளுங்கள். தள்ளுபடியை ஆன்ரோடு விலையில் கழித்து எழுதி வாங்குங்கள். இலவச சீட் கவர், மேட் எல்லாம் அந்தக் கணக்கில் சேராது.