கிளட்சின் நோய்க்குறிகள்

மோட்டார் வண்டியில் எஞ்சினின் ஆற்றல் சக்கரங்களைச் சென்றடையுமுன் கடக்க வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அதுவே கிளட்ச். இறுகப் பற்றுதல் என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். அக்கருவியின் தொழிலும் அதுவே. எஞ்சினோடு சுழலும் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்திற்கும், வில்லின் விசையால் அதனை நோக்கி அழுத்தப்படும் இரும்புத் தட்டிற்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று உள்ளது. பட்டறையில் இதனைக் கிளட்ச் பிளேட் என்பர். மூன்றும் ஒட்டிச் சுழலும்போது ஆற்றல் கியர்ப் பெட்டிக்குச் செல்கின்றது. ஓட்டுநர் இடக்காலால் மிதியை அழுத்தியதும் பிடி விடுகின்றது.

பற்ற வேண்டியபொழுது பற்றாமையும், விட வேண்டியபொழுது விடாமையும் இதன் தலையாய குறைகள். இவ்விரண்டையும் பிரித்தறியாது பழுது பார்ப்போர் பொருளை இழப்பர். தகட்டை மாற்றுதற்குப் பெரும்பாலான வண்டிகளில் கியர்ப் பெட்டியையே கழற்றி இறக்க வேண்டியிருத்தலின்.

70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையில் ஏறும் காரொன்றில், எஞ்சினின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராதிருப்பின், பிடி வழுக்குகின்றது என்று அறிதல் வேண்டும். கருகல் நாற்றமும் உடன் எழும். சமநிலத்தில் மறைந்து கிடந்த குறை, ஏற்றத்தின் பாரத்தால் வெளிப்பட்டது. அந்நிலையில் முன்செல்லும் பேருந்தைக் கடக்கத் துணிதல் உயிர்க்கே இடராகும். விசை வேண்டிய அக்கணத்தில் வண்டி முன்னேறாது.

ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எதிரே எவரும் நில்லாதவாறு செய்தல் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாம் கியரில் இட்டு, மிதியை மெல்ல விடுக. நல்ல கிளட்சாயின் எஞ்சின் திணறி நின்றுவிடும், வழுக்குவதாயின் ஓடிக்கொண்டேயிருக்கும். இதனைப் பலமுறை செய்தலாகாது; தகடு சூடேறிக் கெடும்.

வழுக்கலுக்குத் தேய்மானமும், எஞ்சினின் பின்புறத்தினின்று கசியும் எண்ணெயும் காரணமாகலாம். கேபிள் பூட்டிய வண்டிகளில், மிதிக்கு இருக்க வேண்டிய சிறு தளர்வு அற்றுப்போவதாலும் இது நேரும். அதனைச் சரிசெய்தல் சிறிது நேர வேலையே. தேய்மானத்தை விரைவுபடுத்துவது பெரும்பாலும் ஓட்டுநரின் காலே. ஓடும்போது மிதியின்மேல் காலை வைத்திருப்பதும், மேட்டில் பிரேக்கின்றிக் கிளட்சினாலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பதும் தகட்டை எரிப்பனவாம்.

மிதியை முழுதும் அழுத்தியும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று பல் உரசி விழுமாயின், பிடி விடவில்லை என்பது பொருள். கேபிள் தளர்ந்து மிதியின் தளர்வு மிகுதலும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையில் குழாய்க்குள் காற்றுப் புகுதலும் எண்ணெய் ஒழுகுதலும், தகடு கோணுதலும் இதற்குக் காரணங்கள்.

மிதியை அழுத்தியபொழுது மட்டும் எழும் கீச்சொலி, பெரும்பாலும் பிடியை விடுவிக்கும் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். நியூட்ரலில் நிற்கையில் எழுந்து, மிதியை அழுத்தியதும் அடங்கும் ஓசையோ, பொதுவாகக் கியர்ப் பெட்டியின் முகப்பிலுள்ள பேரிங்கினின்று வருவது; அதற்காகக் கிளட்ச் பிளேட்டைப் பழித்து மாற்றுவோரும் உளர்.