மலிவு விலை பிரஷர் வாஷருக்கு ஒரு அப்கிரேட்

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினால் பிராசசரை மாற்ற வேண்டும் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் குறை ராமிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும். இந்த இதழை வாசிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வீட்டில் கார் கழுவுவதற்காக வாங்கும் மலிவு விலை பிரஷர் வாஷரும் இப்படிப்பட்ட ஒரு சாதனம்தான். "பிரஷர் போதவில்லை, பெரிய மெஷின் வாங்க வேண்டியதுதான்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பிறகு மோட்டாரையும் பம்பையும் தொடாமல் அவற்றைச் சுற்றியுள்ளவற்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இப்போது அதே மெஷினில் திருப்தியாகக் கார் கழுவுகிறேன். எதை மாற்றினேன், எதில் ஏமாந்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். முதலில் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைக் கடைசியில் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது கும்மிடிப்பூண்டியில். வேலை சிப்காட் வளாகத்தில். இங்கே இரும்பை உருக்கும் ஆலைகளும், கம்பியாக உருட்டும் ஆலைகளும் நிறைய. எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வெள்ளைக் காரின் மேல் மெல்லிய கறுப்புத் தூசி படிந்திருக்கும். இதில் இரும்புத் துகள்களும் கலந்திருப்பதால், சில நாள் விட்டால் பெயின்டில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். இந்தத் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதல் காரை அப்படித் துடைத்தே வட்ட வட்டமாகக் கீறல் விழ வைத்தவன் நான். துணி படுவதற்கு முன் தூசியில் பெரும்பகுதி தண்ணீரிலும் நுரையிலும் இறங்கிவிட வேண்டும். பிரஷர் வாஷர் வாங்கியது இதற்காகத்தான்.

பெட்டியில் போட்டிருந்த கணக்கு

ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1984-ல் வீட்டு உபயோகத்திற்கென்று கையில் தூக்கிச் செல்லும் பிரஷர் வாஷரைக் கொண்டுவந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் மெஷின்கள் பல பெயர்களில் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. நான் 5,200 ரூபாய்க்கு வாங்கிய மெஷினின் பெட்டியில் 1500 வாட்ஸ், 135 பார், நிமிடத்திற்கு 7.5 லிட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பார் அளவை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 135-ஐ 7.5-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 1.69 கிலோவாட். மெஷின் கரண்டிலிருந்து எடுப்பதே 1.5 கிலோவாட்தான்! உள்ளே போவதைவிட வெளியே வருவது எப்படி அதிகமாக இருக்க முடியும்? பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, அந்த ரகம் இது. 135 பார் என்பது ஒரு கணம் எட்டும் உச்ச அளவு. 7.5 லிட்டர் என்பது பிரஷர் இல்லாமல் ஓடும்போது வரும் அளவு. இரண்டும் ஒரே நேரத்தில் வராது.

எனவே பெட்டியை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். கன்னை 10 லிட்டர் பக்கெட்டுக்குள் பிடித்து, நிரம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தால் போதும். என் மெஷினுக்கு 1 நிமிடம் 50 விநாடி ஆனது. அதாவது நிமிடத்திற்கு சுமார் 5.5 லிட்டர். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் தண்ணீர் வரும் வழி

மெஷின் நடுங்கி, பிரஷர் ஏறி இறங்கினால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். மாடித் தொட்டியிலிருந்து பழைய பச்சை டியூப் வழியாக வரும் தண்ணீர் அதற்குப் போதாமல் இருக்கலாம். மெஷினுக்குப் போகும் அந்த டியூபைக் கழற்றி, பக்கெட்டை நிரப்பிப் பாருங்கள். 10 லிட்டர் ஒரு நிமிடத்திற்குள் நிரம்பினால் கவலை இல்லை. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், உள்ளே இருக்கும் சீல்கள் சீக்கிரம் கெடும். நான் அரை இஞ்ச் டியூபை முக்கால் இஞ்ச்சாக மாற்றி, மெஷின் வாயில் கண்ணாடி போன்ற மூடியுள்ள ஒரு சிறிய ஃபில்டரைப் பொருத்தினேன். முதல் வாரமே அதில் தொட்டியின் வண்டல் ஒரு ஸ்பூன் அளவுக்குச் சேர்ந்திருந்தது. அது அத்தனையும் அதுவரை பம்புக்குள்தான் போயிருக்கிறது.

ஹோஸும் கன்னும்

மெஷினோடு வந்த 5 மீட்டர் ஹோஸ் பிளாஸ்டிக் குழாய் மாதிரி விறைப்பாக இருந்தது. காரைச் சுற்றி வருவதற்குள் நாலு முறை மெஷினை இழுக்க வேண்டும். 10 மீட்டர் ரப்பர் ஹோஸும், குட்டையான கன் ஒன்றும் வாங்கினேன். இரண்டிலும் எம்22 மரை என்று போட்டிருந்தது. மெஷினிலும் அதே எம்22. மரை அழகாக ஏறியது. ஆன் செய்தால் மூட்டில் நாலா பக்கமும் தண்ணீர் பீச்சியடித்தது. டெஃப்லான் டேப் சுற்றினேன், ஸ்பானர் போட்டு இறுக்கினேன். ஒழுகல் நின்றபாடில்லை.

என் மனைவியின் தம்பி திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் வெர்னியரை எடுத்து அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாமா, மரை ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்கிற பின்னைப் பாருங்க. மெஷின்ல 14 மில்லி, நீங்க வாங்குன ஹோஸ் 15 மில்லி பின்னுக்கானது. ஓ-ரிங் எப்படிப் பிடிக்கும்?"

எம்22-ல் 14 மி.மீ., 15 மி.மீ. என்று இரண்டு வகை இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வெளி மரை ஒன்றாக இருப்பதால் மாட்டும்போது வித்தியாசம் தெரியாது. வாங்குவதற்கு முன் உங்கள் மெஷினின் பின்னை அளந்துவிடுங்கள். மச்சான் பித்தளையில் ஒரு இணைப்பு கடைந்து கொடுத்ததால் என் ஹோஸ் வீணாகவில்லை. எல்லோருக்கும் மச்சான் லேத் வைத்திருப்பார் என்று சொல்ல முடியாதே! இரண்டு வகையையும் இணைக்கும் அடாப்டர்கள் கடையிலும் கிடைக்கின்றன. டெஃப்லான் டேப் இந்த இடத்தில் பயன்படாது. இங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, ஓ-ரிங்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். கன்னின் டிரிகரை விட்ட பிறகும் மோட்டார் சில விநாடிகளுக்கு ஒருமுறை "டுர்... டுர்" என்று தானாக ஓடி நிற்கிறதா? பெரும்பாலும் எங்கோ ஒரு மூட்டில் துளித் துளியாகக் கசிகிறது என்று அர்த்தம். பிரஷர் இறங்குவதால் ஆட்டோ ஸ்விட்ச் மோட்டாரை மறுபடி எழுப்புகிறது. இரண்டு ரூபாய் ஓ-ரிங்கில் முடிகிற விஷயம்.

நாசிலில் இருக்கிறது சூட்சுமம்

எல்லோரும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நாசிலின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிறம் தண்ணீர் விரியும் கோணத்தை மட்டுமே சொல்கிறது. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பைக் கார் பக்கமே கொண்டு போகாதீர்கள், பெயின்டை உரித்துவிடும். டயரின் பக்கவாட்டையும் பதம் பார்த்துவிடும்.

பிரஷரை நிர்ணயிப்பது நாசிலின் துளை அளவு. நாசிலில் பொறித்திருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கோணம், மீதி துளையின் எண். 25030 என்றால் 25 டிகிரி, 3.0 அளவு. இந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. 4000 பி.எஸ்.ஐ. பிரஷரில் நிமிடத்திற்கு எத்தனை கேலன் தண்ணீர் வெளியேறும் என்பதே அது. முன்பு குறித்து வைத்த 5.5 லிட்டரை 3.8-ஆல் வகுத்தால் சுமார் 1.45 கேலன். அதை நாசில் எண்ணால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்கி, 4000-ஆல் பெருக்கினால் பிரஷர் பி.எஸ்.ஐ. கணக்கில் கிடைக்கும்.

3.0 நாசிலுக்கு சுமார் 930 பி.எஸ்.ஐ., அதாவது 64 பார். நான் முதலில் வாங்கிய ஐந்து நாசில் செட் 3.0 அளவுதான். தண்ணீர் சோம்பலாக வந்ததற்குக் காரணம் மெஷின் அல்ல என்று அப்போது புரிந்தது. 2.5 நாசில் போட்டால் சுமார் 1350 பி.எஸ்.ஐ., 93 பார் வருகிறது. காருக்கு இது தாராளம். ஆசைப்பட்டு 2.0 போட்டால் கணக்கில் 145 பார் வரும். மெஷினால் அதைத் தாங்க முடியாது. மோட்டார் சூடாகும், இல்லாவிட்டால் பைபாஸ் வால்வு திறந்து மூடி அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பச்சை 2.5 ஒன்று, வெள்ளை 2.5 ஒன்று. இந்த இரண்டும் போதும். பெயின்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடியுங்கள்.

நுரை அடிக்கும் ஃபோம் கேனனுக்கும் இதே கதைதான். பலவற்றில் உள்ளே இருக்கும் துளை 1.25 மி.மீ. இருக்கும். நம் மாதிரி சின்ன மெஷினுக்கு 1.1 மி.மீ. துளையைக் கேட்டு வாங்கிப் போட்டால் பால் மாதிரி வழிந்த நுரை ஷேவிங் க்ரீம் மாதிரி நிற்கிறது. கார் ஷாம்புதான் ஊற்ற வேண்டும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்தது 1960களிலிருந்தே கவனிக்கப்பட்டுவரும் பிரச்சினை. என் வீட்டு போர் தண்ணீரும் கடினமானதுதான். நுரை குறைவாக வரும், வெயிலில் காய்ந்தால் கண்ணாடியிலும் பானெட்டிலும் வெள்ளை வட்டங்கள் விழும். இதற்கு நான் செய்த முதல் வேலை பெரிய முட்டாள்தனம். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு ஊற்றினேன். கழிவில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும் அல்லவா, வட்டங்கள் இரட்டிப்பாயின! கழிவுத் தண்ணீரை வாசல் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மழைத் தண்ணீர் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீர் ஒரு பக்கெட்டையும் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான சிறிய மெஷின்கள் பக்கெட்டிலிருந்து தாமாக இழுக்கும். பக்கெட்டை ஸ்டூல் மேல் வைத்து, டியூப் முழுவதையும் தண்ணீரால் நிரப்பிவிட்டு மாட்ட வேண்டும். காலை ஏழு மணிக்குள், நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

ஒரு முறை கழுவ டிரிகர் அழுத்தியிருக்கும் நேரம் சுமார் 12 நிமிடம், 66 லிட்டர். டியூபில் கழுவிய காலத்தில் 200 லிட்டருக்குக் குறையாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால் மெஷினை மூட்டை கட்டிவிட்டு, இரண்டு பக்கெட்டும் துணியும்தான்.

கடைசியில் செய்த முதல் வேலை

ஆரம்பத்தில் மெஷினுக்கு வயர் எட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பழைய ஸ்பைக் பஸ்டரை எக்ஸ்டென்ஷனாகப் போட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றபோது கன்னில் லேசாகச் சுருக்கென்றது. பிரமையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் மகள் "அப்பா, கை கூசுது" என்றாள்.

அன்று மாலையே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வாசல் பிளக் பாயின்டின் எர்த் ஓட்டையில் வயரே இணைக்கப்படவில்லை. அது பல வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்டேன். "சார், அது வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது" என்றார். உண்மைதான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனிதரைக் கொல்லும் கசிவு கண்ணுக்கே தெரியாது. எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். ஒரு மாதம் கழித்து, எக்ஸ்டென்ஷன் மூட்டில் தண்ணீர் தெறித்து ஆர்.சி.சி.பி. டப்பென்று விழுந்தது. கன் அப்போதும் மகள் கையில்தான் இருந்தது.

அன்றோடு எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போட்டேன். தூரம் எட்டவில்லை என்றால் ஹோஸை நீட்டுங்கள், கரண்ட் வயரை நீட்டாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் எர்த்தோடு சேர்ந்த மூன்று கோர், 2.5 சதுர மி.மீ. வயர் வாங்கி, சுருளை முழுவதும் பிரித்து, மூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இதை ஓட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது.

ஹோஸ், கன், நாசில், ஃபோம் கேனன், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து எனக்கு 3,900 ரூபாய் ஆனது. எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் தனியாக 2,600. வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, குழாயை மூடி, டிரிகரை ஒரு முறை அழுத்தி உள்ளே நிற்கும் பிரஷரை இறக்கிவிட்டு மெஷினை உள்ளே எடுத்து வைக்கிறேன். இந்த மெஷினில் கார்பன் பிரஷ் மோட்டார் என்பதால் பதினைந்து நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. பிரஷ் ஒரு ஜோடி வாங்கி டூல் பாக்ஸில் போட்டிருக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை.