வலி குறைந்தது உண்மை, காரணம் வேறு

முழங்கால் வலிக்கு ரெய்கி எடுத்துக்கொள்கிறேன். நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் விஞ்ஞானிகள் ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?
*– வாசகி, ஈரோடு*

உங்கள் வலி குறைந்ததை யாரும் மறுக்கவில்லை. கை வழியே சக்தி பாய்கிறது என்பதைத்தான் மறுக்கிறார்கள். ரெய்கியைப் போலவே உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்வதாகச் சொல்லும் 'தெரபியூடிக் டச்' முறையை, எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். இந்தச் சிகிச்சை தரும் 21 பேர் அட்டைத் தடுப்பின் ஓட்டைகள் வழியாக இரு கைகளையும் நீட்டினார்கள். நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் எமிலி தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று 280 முறை கேட்டதில், சரியான விடை 44 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி தேறும்! அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1998-ல் இதை வெளியிட்டது.

"அப்படியானால் என் சுகம் கற்பனையா?" என்பீர்கள். இல்லை. 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், குடல் எரிச்சல் நோயாளிகளிடம் 'இதில் மருந்தே இல்லை' என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை பெறாதவர்களில் அது 35 சதவீதம். அக்கறை, நம்பிக்கை, ஓய்வு மூன்றும் வலியைத் தணிக்கும். தேய்ந்த மூட்டை வளர்க்காது. எனவே ரெய்கி தொடரட்டும், தொடைத் தசைப் பயிற்சியும் மருத்துவர் ஆலோசனையும் நிற்க வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும், வலிக்கிற காலோடாவது ஓடிவிடுங்கள்!